நெகட்டிவ் ஏரியா

மின்னஞ்சல் உலகத்தின் மிகச் சுருக்கமான தீர்ப்பு மூன்று இலக்கம் கொண்டது: 550. ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பது வந்தவரின் ஐபி முகவரியைப் பார்க்கிறது, ஒரு பட்டியலைக் கேட்கிறது, 550 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறது. கடிதத்தில் ஒரு வரிகூடப் படிக்கப்படவில்லை. உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா, லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் மோசடியா, ஒருவர் முதன்முதலாக எழுதி அனுப்பும் சிறுகதையா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. கேட்கப்பட்டது ஒரே கேள்வி: எந்தத் தெருவிலிருந்து வருகிறாய்? தெரு சரியில்லை. கிளம்பு.

இந்தப் பழக்கத்துக்குக் கிட்டத்தட்ட முப்பது வயதாகிறது. இன்னும் இதற்கு அர்த்தம் இருக்கிறதா என்ற கேள்வியை சர்வர் பராமரிப்பவர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆளைப் பார்க்காமல் விலாசத்தைப் பார்த்து முடிவெடுப்பது சென்னைவாசிகளுக்குப் புதிதா என்ன? அதனால்தான் இதைப் பொதுவில் பேச வேண்டியதாகிறது.

முதலில் இது ஏன் பிறந்தது என்று நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1978 மே 3 அன்று டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துயர்க், அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பேமின் ஆதிபுருஷர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த இருபது வருடத்தில் அது வெள்ளமாகிவிட்டது. எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் நெறிமுறை, எல்லோரும் எல்லோரையும் நம்பிய காலத்தில் எழுதப்பட்டது. அதில் அனுப்புநர் பெயரை என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கடித உறையின் பின்பக்கம் யார் பெயரையும் எழுதிவிட முடிவது மாதிரிதான். தலைப்பு, பெயர், தேதி எல்லாவற்றிலும் பொய் சொல்லலாம். ஒன்றில் மட்டும் முடியாது: ஐபி முகவரி. இணைப்பு ஏற்பட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கைகுலுக்க வேண்டும். நாம் அனுப்பும் பதில் அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வார்த்தையே பேச முடியும். ஆக, ஒரு பொய்யனிடம் இருக்கும் ஒரே உண்மை அவன் நிற்கிற இடம்.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, 1997 வாக்கில் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் கலிஃபோர்னியாவில் ஒரு கறுப்புப் பட்டியலை உருவாக்கினார்கள். 1998இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பேம்ஹாஸைத் தொடங்கினார். பட்டியலை விநியோகிக்க அவர்கள் கையாண்ட வழி பொறியாளனாக எனக்கு இன்றும் பிடித்தமானது. புதிதாக எதையும் கட்டவில்லை. இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஏற்கெனவே உலகம் முழுக்க இருந்தது, அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். 192.0.2.25 என்ற முகவரியைச் சோதிக்க வேண்டுமா? எண்களைத் திருப்பிப்போட்டு 25.2.0.192 என்று எழுதி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி டிஎன்எஸ்ஸிடம் கேள். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அந்த ஆள் சுத்தம். 127.0.0.2 மாதிரி ஒரு பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். சில மில்லிவினாடிகளில் வேலை முடிந்துவிடும். லட்சக்கணக்கான குப்பைக் கடிதங்களைத் திறந்து படித்து முடிவெடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சும்மா கிடைத்த மாதிரி.

பலனும் இருந்தது. தொண்ணூறுகளில் நிறைய சர்வர்கள் யார் கடிதம் கொடுத்தாலும் வாங்கி முன்னால் அனுப்பும் ‘ஓப்பன் ரிலே’யாக இருந்தன. ஸ்பேம்காரர்களுக்கு அது இலவச லாரி சர்வீஸ். பட்டியலில் பெயர் ஏறி, வாடிக்கையாளர்கள் திட்டத் தொடங்கிய பிறகுதான் பல நிர்வாகிகள் கதவைப் பூட்டினார்கள். அன்றைய இணையத்தில் ஒரு முகவரி என்றால் பெரும்பாலும் ஒரு நிறுவனம், ஒரு இயந்திரம், பொறுப்பான ஒரு ஆள். அந்த முகவரியைத் தடுத்தால் அந்த ஆளுக்குத்தான் வலிக்கும். தண்டனையும் தவறும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

அந்த நிலைமை மாறிவிட்டது. மூன்று மாற்றங்களைச் சொல்லலாம்.

முதல் மாற்றம், பற்றாக்குறை. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. நம் வட்டாரத்துக்கு முகவரி பிரித்துத் தரும் ஏப்னிக் அமைப்பின் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1024 முகவரி என்று ரேஷன் போட்டார்கள். வாடிக்கையாளர்களோ லட்சக்கணக்கில். விளைவு, ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அடையாறில் யாரோ ஒருவருடைய கணினியில் வைரஸ் புகுந்து ஸ்பேம் அனுப்பினால், அதே முகவரியின் பின்னால் இருக்கும் தி. நகர் குடும்பத்தின் விலாசமும் பட்டியலில் ஏறுகிறது. ஜிமெயில் மாதிரி சேவை வழியாகக் கடிதம் அனுப்புகிறவருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை, கூகுளின் சர்வர்தான் அவருக்காகக் கதவைத் தட்டுகிறது. ஆனால் மின்னஞ்சலுக்காகத் தயாரித்த பட்டியலை லாகின் பக்கத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் கொண்டுபோய் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்தக் குடும்பம் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, வாடகை. இன்று யாரும் சர்வரை வாங்கி மூலையில் வைப்பதில்லை, மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். முகவரியும் வாடகைதான். முன்னால் குடியிருந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் ஒரு சிறிய அறக்கட்டளைக்காக மின்னஞ்சல் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். பழைய புத்தகங்களைப் பாதுகாக்கிறவர்கள், வருடத்தில் நாலு முறை சந்தாதாரர்களுக்குச் செய்தி அனுப்புவார்கள், அவ்வளவுதான். வாடகைக்கு வந்த முகவரியைச் சோதித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான முகவரிகளை மொத்தமாக ஒரு பட்டியல் கறுப்பில் வைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் சிலர் ஸ்பேம் அனுப்பியிருந்தார்களாம். செயலாளருக்கு எழுபது வயதிருக்கும். நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “தம்பி, நாம இன்னும் ஒரு லெட்டர்கூடப் போடலியே. அதுக்குள்ள நம்ம பேர் எப்படிப்பா கெட்டுப்போச்சு?” என்றார். அந்தப் பட்டியலின் தளத்தில் ஒரு வசதியும் இருந்தது. பணம் கட்டினால் சீக்கிரம் விடுவிப்பார்கள். “இதுக்கு நம்ம ஊர்ல வேற பேரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கட்டவில்லை. கடைசியில் பெரிய நிறுவனம் ஒன்றின் சேவைக்கு மாறினோம்.

மூன்றாவது மாற்றம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. மின்னஞ்சலின் பெரும்பகுதி இன்று சில ராட்சத நிறுவனங்களின் சர்வர்கள் வழியாகப் போகிறது. அங்கிருந்தும் ஸ்பேம் வருகிறது. உங்கள் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஜிமெயில் கணக்கிலிருந்து வந்தது ஒன்றாவது கிடைக்கும். ஆனால் கூகுளின் ஐபி முகவரியை யார் தடுப்பார்கள்? தடுத்தால் தன்னுடைய பயனர்களே சண்டைக்கு வருவார்கள். ஆக இந்த வலை, மீன் எவ்வளவு கெட்டது என்பதைப் பார்க்காமல் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்துப் பிடிக்கிறது. பெரியது கிழித்துக்கொண்டு போய்விடும். அறக்கட்டளை, சிற்றிதழ், கல்லூரித் துறை, சொந்த சர்வர் வைத்திருக்கும் தனிமனிதர் மாட்டுவார்கள். மாட்டியவர்கள் தப்பிக்க ஒரே வழி பெரிய மீனின் வயிற்றுக்குள் போவது. ஸ்பேமை ஒழிக்கப் புறப்பட்ட கருவி, தான் உத்தேசிக்காமலே, சின்ன சர்வர்களையும் சேர்த்து ஒழித்துக்கொண்டிருக்கிறது. என்னுடைய முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்.

‘என் சர்வர், என் சட்டம்’ என்று ஒரு பழைய வாதம் உண்டு. என் வீட்டு வாசலில் யாரை விடுவது என்பது என் உரிமை. ஊரில் ஆயிரம் வீடும் ஆயிரம் சொந்தக்காரரும் இருந்தவரை இந்த வாதம் சரி. ஒரு வீட்டில் மறுத்தால் இன்னொரு வீடு இருந்தது. ஊரின் பெரும்பாலான வாசல்களுக்கு இரண்டு மூன்று வாட்ச்மேன்கள்தான் என்று ஆனபிறகு அதே வாக்கியம் ஊர்விலக்கு மாதிரி ஒலிக்கிறது.

*

சென்னைக்காரர்கள் இதைக் கணினி இல்லாமலே அறிவார்கள். கடன், கிரெடிட் கார்டு தருகிறவர்களின் அகராதியில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒரு சொல் உண்டு. விண்ணப்பித்தவர் சம்பளம் என்ன, இதுவரை ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்கெல்லாம் முன்னால் பின்கோடு பேசிவிடும். வடசென்னையில் வளர்ந்த நண்பர்கள் பலரிடம் இதற்கு ஒரு கதையாவது இருக்கும்.

இன்னும் கூர்மையான உதாரணம் கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலும் நகரத்தின் நடுப்பகுதிகளிலும் குடிசையில் இருந்தவர்களை அகற்றி, 2000த்தில் தொடங்கித் துரைப்பாக்கத்தை ஒட்டிக் குடியமர்த்தினார்கள். விலாசத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஒதுக்கீடு செய்யப்பட்டது. சீக்கிரமே அந்த விலாசத்துக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று எழுதினால் அழைப்பு வராது என்று பயந்து, உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்த இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. பக்கத்திலேயே ஓஎம்ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து நாங்கள் ஐபி முகவரிகளுக்கு மதிப்பெண் போடும் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் அந்தப் பகுதிப் பெண் ஒருவர் இருந்தார். ஊர் அவரை ‘கண்ணகி நகர்’ என்ற அடைமொழியோடுதான் கொண்டாடியது. விலாசத்தின் மதிப்பை அதில் வாழ்கிறவர் மாற்றலாம் என்பதற்கு நல்ல உதாரணம். ஆனால் அதற்கு அவர் களத்தில் இறங்க அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசலிலேயே 550 சொல்லிவிட்டால் ஆட்டமே இல்லை.

ஒப்பீட்டை நான் இழுத்து நீட்ட விரும்பவில்லை. ஒரு சர்வருக்குப் பசிக்காது, அவமானம் தெரியாது. ஆனால் தர்க்கம் ஒன்றுதான்: ஒருவருடைய நடத்தையை அறிவது செலவு பிடிக்கும், இடத்தை அறிவது மலிவு. மலிவானதை வைத்துச் செலவு பிடிப்பதை ஊகிக்கிறோம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும்போது அதை யாரும் திருத்த மாட்டார்கள். தவறும்போது பாதிக்கப்படுகிறவருக்குக் குரல் இருக்காது.

*

அரசாங்கத்தின் கைக்கு இந்தத் தர்க்கம் போகும்போது என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் கதை இருக்கிறது. 2003 செப்டம்பரில், மேகாலயாவின் ஒரு தீவிரவாத அமைப்போடு தொடர்புடையது என்று சொல்லி ‘கின்ஹுன்’ என்ற ஒரே ஒரு யாஹூ குழுமத்தைத் தடுக்க இந்திய அரசு உத்தரவிட்டது. இணைய நிறுவனங்களிடம் ஒரு குழுமத்தை மட்டும் தடுக்கும் வசதி இல்லை. யாஹூ குழுமங்களின் ஐபி முகவரியையே தடுத்தார்கள். சுமார் இரண்டு வாரம் இந்தியாவில் பலருக்கு எந்தக் குழுமமும் திறக்கவில்லை. அப்போது தமிழ் இணைய எழுத்து எங்கே இருந்தது? ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ எல்லாம் யாஹூ குழுமங்கள். ஷில்லாங்கில் யாரோ எழுதியதற்காக, சென்னையில் வெண்பா திருத்திக்கொண்டிருந்தவருக்கும் கதவு சாத்தப்பட்டது. ஒரே முகவரியில் குடியிருந்ததுதான் அவர் செய்த தப்பு.

இருபது வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 8 அன்று, கோபாலபுரம், அண்ணா நகர், முகப்பேர் என்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள், சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. கடிதம் வந்தது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் வழியாக. தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையை ஒட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் புரோட்டான் மெயிலையே இந்தியாவில் முடக்கும் நடவடிக்கை தொடங்கியது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டதில் அது அப்போது நின்றது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதே சேவையைத் தடுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிற எவரும் பேச முடியாது. ஆனால் தொழில்நுட்ப ரீதியாக இந்தத் தடை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர் புரோட்டான் தளத்தைத் திறக்க முடியாமல் போகும். மிரட்டல் அனுப்புகிறவர் ஒரு விபிஎன் போட்டுக்கொண்டு திறப்பார். அவர் எழுதிய கடிதம் சுவிட்சர்லாந்து சர்வரிலிருந்து பள்ளியின் மின்னஞ்சலை வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வருக்கு நேராகப் போகும். அந்தப் பாதையை உள்ளூர் இணைய நிறுவனத்தின் தடை தொடவே தொடாது. மிரட்டல் வந்து சேரும். ரகசியத் தகவலைப் பாதுகாக்க அந்தச் சேவையை நம்பிய பத்திரிகையாளர் மட்டும் வெளியே நிற்பார்.

*

அப்படியானால் ஐபி முகவரியை வைத்துத் தடுப்பதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. எதிர்த்தரப்பில் இரண்டு வலுவான வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, மாற்று வழியும் அப்பழுக்கற்றதல்ல. இன்று விலாசத்துக்குப் பதில் பெயரைச் சரிபார்க்கும் முறைகள் இருக்கின்றன. இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சர்வருக்கு உரிமை உண்டா என்று எஸ்பிஎஃப் சொல்லும். கடிதத்தின் மேல் இருக்கும் டிஜிட்டல் முத்திரை உண்மைதானா என்று டிகிம் சொல்லும். இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனால் பெயர் மலிவு. சில நூறு ரூபாய்க்கு ஒரு டொமைன் வாங்கி, முத்திரையெல்லாம் ஒழுங்காகக் குத்தி, ஒரு நாள் முழுக்க ஸ்பேம் அனுப்பிவிட்டுத் தூக்கியெறியலாம். முத்திரை ஆளை அடையாளம் காட்டும், யோக்கியனா என்று காட்டாது. பழைய வகை ஐபி முகவரியோ அரிது, விலை அதிகம். சென்னையில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்களே, அந்த மாதிரி. அட்வான்ஸ் கொடுத்தவர் சுவரில் ஆணி அடிக்க யோசிப்பார். முகவரி அரிதாக இருக்கும்வரை, அதன் பெயரைக் கெடுத்துக்கொள்ள ஸ்பேம்காரனும் கணக்குப் பார்ப்பான். புதிய ஐபிவி6இல் இந்தப் பிடியும் தளர்கிறது. அங்கே ஒரு வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் முகவரிகளே உலகின் மொத்த பழைய முகவரிகளைவிடப் பல கோடி மடங்கு. ஒவ்வொன்றாகப் பட்டியலிட முடியாது, தெருத் தெருவாகத்தான் முடியும்.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் முக்கியம். 550 முகத்துக்கு நேராகச் சொல்கிறது. அனுப்பியவருக்குத் தன் கடிதம் போகவில்லை என்று தெரிகிறது. நல்ல சர்வர் எந்தப் பட்டியலால் மறுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஸ்பேம் பெட்டி அப்படியில்லை, வாங்கிக்கொண்டு சிரித்தபடி உள்ளே புதைத்துவிடும். பத்திரிகைக்குக் கதை அனுப்பி ஆறு மாதம் பதில் வராமல், கதை பிடிக்கவில்லையா, வந்தே சேரவில்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த வித்தியாசம் புரியும்.

ஆகவே என் சண்டை பட்டியலோடு இல்லை, அதைத் தீர்ப்பாகப் பயன்படுத்துவதோடு. இதில் நல்ல ஆவணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: 2012 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 6471. பட்டியல் நடத்துகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசுகிறது. தொழில்நுட்ப ஆவணங்கள் பொதுவாக உப்புச் சப்பில்லாமல் இருக்கும். இது சில இடங்களில் கோபப்படுகிறது. பட்டியலிலிருந்து நீக்கப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதற்கு அபாயகரமாக அருகில் வருகிறது என்கிறது. அப்படிக் கேட்கக் கூடாது, கேட்கும் பட்டியல்களைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது என்கிறது. மயிலாப்பூர் செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னதும் இதைத்தான்.

பட்டியல் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆவணம் பேசுகிறது. அதற்குப் பின்னால் நிஜக் கதை உண்டு. ஓப்பன் ரிலேக்களைப் பட்டியலிட்ட ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் உலகம் முழுக்க சர்வர்கள் பழக்கதோஷத்தில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது யாரைக் கேட்டாலும் ‘பட்டியலில் இருக்கிறார்’ என்று பதில் சொல்லத் தொடங்கியது. கேட்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அமைப்புகளைக் கவனிக்காமல் விட்டிருந்த சர்வர்களில் வந்த கடிதமெல்லாம் மறுக்கப்பட்டது. ஒரு நாள் காலையில் உலகமே குற்றவாளியானது. பதினைந்து மாதமாக ஒரு பிணத்திடம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

என் முடிவை இப்படிச் சொல்வேன். தனி ஒரு முகவரி இந்த வாரம் ஸ்பேம் அனுப்பியது என்று பார்த்துப் பட்டியலிட்டு, நின்றதும் தானாக நீக்குவது இன்றும் அர்த்தமுள்ளது. அது இல்லாவிட்டால் நம் பெட்டிகள் ஒரு நாள் தாங்காது. வீட்டு இணைப்புகளிலிருந்து சர்வர் கடிதம் நேராக வரக் கூடாது என்று இணைய நிறுவனமே அறிவிக்கும் பட்டியலும் நியாயமானது, அதில் யார் மேலும் பழி இல்லை. அக்கம்பக்கத்தைச் சேர்த்துத் தண்டிப்பது, காரணம் சொல்லாமல் மறுப்பது, முறையிட ஆள் வைக்காமல் இருப்பது, காசு வாங்கிக்கொண்டு விடுவிப்பது, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சேவையைப் பயன்படுத்தும் எல்லோரையும் அதில் ஒருவருக்காக முடக்குவது ஆகியவற்றுக்கு எந்தக் காலத்திலும் அர்த்தம் இருந்ததில்லை. அன்று இணையம் சின்னதாக இருந்ததால் வெளியே தெரியவில்லை.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வந்தவரை நிறுத்தி, எங்கேயிருந்து வர்றீங்க, யாரைப் பார்க்கணும் என்று கேட்பது அவர் வேலை. சந்தேகம் வந்தால் மேலே போன் போட்டுக் கேட்க வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்ட உடனே கேட்டைச் சாத்தினால், திருடனுக்குச் சுவர் ஏறத் தெரியும், வெயிலில் நிற்கப்போவது தபால்காரர்தான்.